ஐஸ் கம்பெனிக்கு ஒரு பாடு

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் தொடங்கிய சிறுதொழில்கள் ஏன் நிலைக்கவில்லை என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். நல்ல பெண். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலீடு போதவில்லையா, சந்தை கிடைக்கவில்லையா, மின்சாரமா, இயந்திரமா, அனுபவமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எல்லாச் சீக்கும் எங்களுக்கு வந்து போனதுதான்.

கடைசியில், "உங்க ஐஸ் ஃபேக்டரிய எந்த வருஷம் மூடினீங்க பாட்டி?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மெஷின் நின்ற வருஷம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைத்தான் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று டீ போடப் போய்விட்டேன். அவளும் நான்கு வாய் டீயைக் குடித்துவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய ஐஸ் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். அறுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. கும்மிடிப்பூண்டியில் விடிவதற்கு முன் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஆரம்பாக்கம் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முந்தி யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. அவர் முதல் சம்பளம் கொண்டுவந்த அன்று என் மாமியார் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வேலையைத்தான் விடுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் மனிதர். இரண்டு பெண் குழந்தைகள், சின்னது இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது. "இன்னாத்துக்கு? சோறு செரிக்கலியா?" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்: "எங்கப்பன் களத்து மேட்டுல துண்டை இடுப்புல கட்டிக்கினு நின்னுக்கினே இருப்பான். பண்ணைக்காரங்க பாக்குற வரிக்கும் நிக்கணும். பாத்தாதான் கூலி. நானு இங்க சூப்பர்வைசர் வந்தா எழுந்து நிக்கிறேன். இன்னா பெரிய வித்யாசம்? எனக்கு ஒரு நாற்காலி வோணும்மே. எவன் வந்தாலும் எழுந்துக்காத நாற்காலி."

அவருக்கு முதலாளி ஆகும் ஆசையெல்லாம் கிடையாது. கார் வாங்க வேண்டும், மாடி கட்ட வேண்டும் என்று ஒருநாளும் பேசியதில்லை. யாருக்காகவும் எழுந்து நிற்கக் கூடாது என்பதுதான் அவருடைய திட்டம் முழுவதும். இதை அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பாளோ.

ஆனால் மனக்கணக்கு தெரியாதவர் இல்லை. அப்போதுதான் இறாலுக்கு மவுசு வந்துகொண்டிருந்தது. அதுவரை பழவேற்காடு ஏரியின் இறால் வெயிலில் காய்ந்து கருவாடாகப் போகும். திடீரென்று வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகள் பச்சை இறாலைத் தேடி வந்தன. ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்கள் கூடையைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வருவார்கள். ஐஸ் சென்னையிலிருந்து லாரியில் வரும், வரும் வழியிலேயே பாதி ரோட்டில் ஒழுகிவிடும். மத்தியானத்துக்குள் இறால் தலை சிவந்து நாற்றம் கிளம்பிவிடும். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். இங்கேயே ஐஸ் இருந்தால் இவர்கள் ஏன் அப்படி விற்கப்போகிறார்கள் என்று ரயிலில் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏரிக்குப் போகிற வழியில் கொஞ்சம் கரம்பு நிலம் வாங்கினோம். சென்னையில் மூடிப்போன ஒரு ஃபேக்டரியிலிருந்து பழைய கம்ப்ரசர் வந்தது. அமோனியாக் குழாய், பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதில் வரிசையாக இறக்கி வைக்கிற தகர டின்கள், எல்லாவற்றையும் அவரே பொருத்தினார். டின்னில் நல்ல தண்ணீரை ஊற்றி, குளிர்ந்த உப்புத்தண்ணீரில் இறக்கி வைத்தால், ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டே வந்து கடைசியில் நடு இறுகும். அதை ஐஸ் பார் என்போம். பங்குனி வெயிலில் அவர் ஒரு பாரைக் கொக்கியில் இழுத்து வந்து என் முன்னால் நிறுத்திய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் கிணறு உப்பு. உப்புத்தண்ணீர் இறுகினாலும் சோளப்பொரி மாதிரி உதிர்ந்துபோகும். இன்னொரு கிணறு தள்ளி வெட்ட வேண்டியதாயிற்று. அதற்கு என் கழுத்தில் இருந்தது போயிற்று.

ஒரு மடக்கு இரும்பு நாற்காலியையும் வாங்கிவந்து வாசலில் போட்டார். அவர் சும்மா சொல்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

டவுனில் இருந்த சோடாக் கடைகளும் ஓட்டல்களும் கூட எங்களிடம் ஐஸ் எடுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒருவரும் எடுக்கவில்லை. "மீனுக்குப் போடற ஐசு, நாத்தம் வரும்" என்றார் ஒருவர். இரண்டாவது கடைக்காரர் அந்த அளவுக்குக்கூடச் சிரமப்படவில்லை. "உங்க ஊட்டுக் கிணத்துத் தண்ணி தானே?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த வீட்டுக் கிணறு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்னை லாரியில் பாதியாகக் கரைந்து, சாக்குத் தூசியோடு வருகிற ஐஸை இரட்டை விலைக்கு வாங்கி சர்பத்தில் போட்டார்கள். அந்த சர்பத்தைக் குடித்த எல்லாரும் நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டுத் திட்டினேன். அவர் என்னை அடக்கவில்லை. ஆராய்ச்சியில் இதற்கு ‘சந்தை கிடைக்காமை’ என்று பேராம்.

ஆக, எங்களுக்கு ஏரி ஒன்றுதான் கதி. குப்பத்திலிருந்து முதலில் வந்தவள் ஒரு கூடைக்கார அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஃபேக்டரிச் சங்கு மாதிரி. ஒரு பாரைக் கொட்டாப்புளியால் உடைத்துக் கூடையில் இறாலுக்கு மேலும் கீழும் போட்டு, ஈரச் சாக்கை மூடிக்கொண்டு போனாள். சாயங்காலம் வெறுங்கூடையோடு திரும்பி வந்து, "ஐஸ் மொதலாளி, இன்னிக்கி எவனும் மோந்து பாக்கலய்யா! அப்டியே எட்த்துக்கினாங்கோ" என்று ரோட்டிலிருந்தே கத்தினாள். மறுநாள் பத்துப் பெண்கள் வந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குப்பத்தில் என் வீட்டுக்காரருக்கு ஐஸ் மொதலாளி என்றுதான் பெயர். அவர் உட்கார்ந்தபடியே சிரிப்பார்.

இரண்டு மூன்று வருஷம் நன்றாகத்தான் போயிற்று. இறால் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டும் எங்களிடம் ஐஸ் எடுத்தார். அவர் ஜீப்பில் வருவார், இறங்க மாட்டார். "ஏம்ப்பா" என்று ஜீப்பிலிருந்தே கூப்பிடுவார். இவரும் நாற்காலியிலிருந்தே "சொல்லுங்க சார்" என்பார். ஜீப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் நான்தான் நடந்துகொண்டிருப்பேன்.

அப்புறம் கரண்ட் கட் வந்தது. எழுபதுகளின் நடுவில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மாவு மில் நின்றால் அரிசி அரிசியாகவே இருக்கும், கெட்டுப் போகாது. ஐஸ் அப்படியில்லை. மெஷின் நின்றால் தொட்டி சூடேறும், இறுகிக்கொண்டிருந்த பார் திரும்ப இளகும். கரண்ட் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளியில் பார்க்க முழு பாராக இருக்கும், உடைத்தால் வயிற்றில் தண்ணீர். அந்தத் தண்ணீர் என் காலில் கொட்டும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். டின் எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை, ஐஸ் மட்டும் பாதிதான் இருந்தது.

பாதி ஐஸை எப்படிப் பங்கு போடுவது? முதலில் வந்தவர்களுக்கு முதலில் என்று அவர் விதி போட்டார். சென்னையில் எல்லாவற்றுக்கும் க்யூ இருக்கிறதே, அந்தப் பழக்கம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு வாரத்தில் ஐஸ் கொடுக்கிற ஜன்னலுக்கு வெளியே தலைமுடியைப் பிடித்துக்கொள்கிற சண்டை.

காரணம் ஏரியில் இருந்தது. அந்தக் குப்பத்தில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நிறைய வரும் இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களை ஊரே முறை போட்டுப் பகிர்ந்துகொள்ளும். இன்றைக்கு இந்த வீடுகள், நாளைக்கு அந்த வீடுகள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்று, வெளுத்த பிறகு வலையைச் சுருட்டி, அதற்கப்புறம்தான் அவன் வீட்டுப் பெண் கூடையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வர முடியும். பாடு இல்லாத வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்கள், விடியற்காலையே வந்து க்யூவில் நின்றுவிடுவார்கள். அதனால் ஐஸ் வாங்கியவர்களிடம் இறால் இல்லை, இறால் வைத்திருந்தவர்களுக்கு ஐஸ் இல்லை. முந்தி வாங்கியவர்கள் ரோட்டில் வைத்து அதே ஐஸைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். எங்கள் நியாயம் ஒரு சந்தையையே உண்டாக்கிவிட்டது, எங்களுக்கு ஒரு பைசா பிரயோசனமில்லாமல்.

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதுதான் ஏஜெண்ட் ஜீப்பிலிருந்து முதல் தடவையாக இறங்கினார். "ஏம்ப்பா, எதுக்கு இந்தப் பேஜாரு? நான் ஒரு டீசல் இஞ்சின் கொண்டாந்து எறக்கறேன். கரண்ட் பத்தின கவலையே வாணாம். ஐஸ் மொத்தமும் எனக்கு. இந்தப் பொம்பளைங்கள நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஐஸ் அவர் கையில் போய்விட்டால் குப்பத்து இறாலும் அவருக்குத்தான் போக வேண்டும், அவர் சொன்ன விலைக்கு.

நான் ஒத்துக்கொள்ளச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஊருக்கு நல்லது பார்க்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. ஏற்கெனவே சின்னவளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு இல்லை. "மெஷின் ஓடணும்ங்க. ஓடினாதான் நாற்காலி" என்றேன். அவர் மூன்று நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராகச் சைக்கிளைக் குப்பத்துக்கு விட்டார். ஏஜெண்ட் கேட்டதை ஒளிக்காமல் அவர்களிடமே போய்ச் சொல்லிவிட்டார். எந்த வியாபாரியாவது இப்படிச் செய்வானா? அன்று எனக்கு வந்த கோபத்தில் சமைக்கவேயில்லை.

குப்பத்தில் ஊர்க் கூட்டம் கூடியது. இரண்டு விஷயம் முடிவாயிற்று என்று வந்து சொன்னார். முதலாவது, ஐஸும் இனிமேல் பாடு வரிசைப்படி. அன்றைக்கு எந்த வீடுகளுக்குப் பாடோ அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் ஐஸ், அவர்கள் எந்நேரம் வந்தாலும். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஊரில் கங்கம்மா கோயிலுக்கென்று ஒரு பாடு உண்டு. அந்த முறை வருகிறபோது அந்த வலையில் விழுகிறது எந்த வீட்டுக்கும் இல்லை, ஏலம் விட்டுக் கோயில் செலவுக்கு வைப்பார்கள். அதில் பாதியை ஐஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள், இஞ்சின் வாங்கவும் டீசல் போடவும்.

"சர்ச்சுக்குப் போறவனுக்கு கங்கம்மா பாடா?" என்று சிரித்துவிட்டேன். கோபத்தோடுதான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் அத்தான் கேட்டேன். அந்தக் கூடைக்காரம்மா இன்னா சொன்னா தெரியுமா? ‘எறா நாறிப்பூட்டா கங்கம்மாவுக்கும் சேத்துதான் நாறும், நீ வாங்கிக்க’ன்னுட்டா" என்றார். ஊர் வீடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், கடைசியில் ‘ஐஸ் கம்பெனி’ என்றும் சேர்த்துச் சொன்னார்களாம். அதை அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். எங்களை அதுவரை எந்த ஊரும் எந்த வரிசையிலும் சேர்த்ததில்லை.

அந்தப் பாதிப் பாடு தந்த பணத்தை வைத்து, வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு கிழட்டு ஆயில் இஞ்சினை வாங்கினோம். முழு மெஷினையும் இழுக்க அதற்குத் திராணி இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் தொட்டி சூடேறாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது போதும், பாரின் வயிறு நிரம்பியது. "இன்னிக்கி யார் பாடு?" என்று ஜன்னலில் நின்று கேட்பேன். பாடு இல்லாத நாளில் எந்தப் பெண்ணும் அதற்கப்புறம் வரவேயில்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. நான் சொன்னதைக் கேட்காமல் போனாரே என்ற வருத்தம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

ஏஜெண்டிடம் அவர் போய் முடியாது என்று சொன்னபோது அந்த மனிதர் கோபப்படவில்லை. "ஏம்ப்பா, ஐஸ விக்கிற சரக்குன்னா நெனச்சிக்கினுகீற? எனக்கு அது கூடை மாதிரி, சாக்கு மாதிரி" என்றார். அதன் அர்த்தம் ஒரு வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள், ரோடு வந்தது, பெரிய கரண்ட் கம்பி வந்தது. அதன் பக்கத்தில் ஏஜெண்டின் கம்பெனி சொந்தமாக ஒரு ஐஸ் ஃபேக்டரி கட்டியது. புது மெஷின், எங்களுடையதைப் போல ஐந்து மடங்கு. திறந்த அன்றே அறிவித்துவிட்டார்கள்: தங்களுக்கு இறால் கொடுப்பவர்களுக்கு ஐஸ் இலவசம். நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்கிற சரக்கு அவர்களுக்குச் சும்மா கொடுக்கிற சாமான். அதோடு போட்டி போட எந்தக் கணக்கும் கிடையாது. விலையைக் குறைக்கலாம் என்றார் அவர். இலவசத்துக்குக் கீழே எங்கே குறைப்பது?

ஒவ்வொரு வீடாகக் கழன்றது. ஜன்னலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் எங்கள் பக்கம் பார்க்காமல் போனார்கள். கடைசிவரை வந்துகொண்டிருந்தது கூடைக்கார அக்காதான். ஒருநாள் கூடையில்லாமல் வந்தாள்.

"தங்கச்சி, நாளையிலருந்து நாங்களும் அந்தாண்ட போறோம். எம் பொண்ணு முழுகாம கீறா. டப்பு வோணும். கோச்சிக்காத."

கோபித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று எழுதக் கூசுகிறது, அவ்வளவு பேசினேன். அவள் கங்கம்மாவையும் இழுத்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை.

அன்றைக்குத் தொட்டியில் இருந்த பார்களை எடுக்க யாரும் வரவில்லை. அவர் எல்லாவற்றையும் தூக்கி வெளியே மரத்தூள் மேல் அடுக்கினார். பிறகு மெஷினை நிறுத்தினார். அந்தச் சத்தம் அத்தனை வருஷமாகக் காதில் இருந்து, அது நின்றதும் எனக்குத் தலை சுற்றியது. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐஸ் உருகி வாசலைத் தாண்டி ரோட்டோரப் பள்ளத்துக்கு ஓடியது. மத்தியான வெயிலில் ஒரு எருமை வந்து அந்தத் தண்ணீரில் சுகமாகப் படுத்துக்கொண்டது. விரட்டப் போனேன். "உடு" என்றார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஏஜெண்ட் ஆள் அனுப்பினார். புது மெஷின் அடிக்கடி மக்கர் செய்கிறதாம், பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லையாம், இவர் வந்தால் நல்ல சம்பளமாம். அவர் என்னைப் பார்த்தார். நான் சின்னவளின் காலைப் பார்த்தேன். மறுநாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நல்ல சம்பளம்தான், அதில் குறை சொல்ல முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்துகொண்டே அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அந்த ஃபேக்டரி கேட்டுக்குப் போனேன். நான் நிற்கும்போதே ஏஜெண்டின் ஜீப் உள்ளே போனது. ஷெட்டில் உட்கார்ந்திருந்த ஆட்கள் எழுந்தார்கள். அவரும் எழுந்தார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். தூக்கை வாங்கிக்கொண்டு, "வெயில்ல ஏன் வந்த?" என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் மறந்துவிட்டுப் போனதில்லை.

எங்கள் ஷெட்டில் வௌவால் குடியேறியது. டின்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்று நான் இரண்டு தடவை கேட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐஸ் கம்பெனி என்று யாரும் எங்கள் முன்னால் பேசுவதில்லை. நாங்களும் பேசவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருக்கிறபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து அவர் வாசலில் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது. ரோட்டில் ஒரு கூடை வந்தது, கூடைக்குக் கீழே அந்த அக்கா. நான் வாரி இறைத்த பேச்சுக்குப் பிறகு அன்றுதான் எங்கள் வாசலுக்கு வருகிறாள். எனக்கு உள்ளே ஓடிவிடலாம் போல இருந்தது.

"மொதலாளி, உங்க பாடு வந்துச்சி" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். அவள் கூடையோடு நின்றபடியே சொன்னாள்: "நேத்து கங்கம்மா பாடு. பாதி கோயிலுக்கு ஏலம் வுட்டாச்சி. மீதி ஐஸ் கம்பெனிது. முன்னல்லாம் அத்தயும் ஏலம் வுட்டு டீசலுக்குக் குட்ப்போம். இப்ப டீசல் வோணாமே. அதான் எறாவாவே எட்த்துனு வந்துட்டேன்."

"ஐசு?" என்றார் அவர். அவருக்கு முதலில் அதுதான் தோன்றியது.

"அவன்கிட்ட வாங்கல. ஈரச் சாக்கு போட்டுனு ஓடியாந்தேன். சீக்கிரம் ஆக்கிடுங்கோ, தாங்காது."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, "யக்கா, நான் இப்ப மொதலாளி இல்லக்கா. அங்க கூலிக்குப் போறேன். கம்பெனி மூடியாச்சி. ஊருக்குத் தெரியாதா?" என்றார். அவர் வாயால் அதைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"தெரியும். ஊரு கூட்டத்துல வச்ச பேரு நைனா. நீ கூட்டத்துக்கு வந்து மூடிட்டேன்னு சொல்லு, எடுத்துடுவாங்கோ. என்னாலயும் வேற யாராலயும் எடுக்க முடியாது. இப்ப கூடய எறக்கு, கழுத்து நோவுது."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து போனார். இரண்டு கையாலும் கூடையைப் பிடித்து இறக்கினார். அவள் சும்மாட்டை உதறிக் கழுத்தைத் தடவிக்கொண்டாள். நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "தண்ணி குடிக்கா" என்றேன். வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, பாதித் தண்ணீரை இறால் மேல் தெளித்தாள்.

ஒரு கூடை இறாலை நாங்கள் எத்தனை பேர் சாப்பிடுவது? எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தோம். எல்லார் வீட்டிலும் உலை கொதித்தது. அவர் உரித்துக்கொண்டே இருந்தார், மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டே. வெங்காயம் ஒன்றும் அங்கே இல்லை. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த முறையும் கூடை வந்தது. அதற்கடுத்த முறையும். அந்தக் குப்பத்தில் ஊர்க் கூட்டம் தவறாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. மூடிவிட்டேன் என்று அவர் போய்ச் சொல்லவேயில்லை. நானும் போகச் சொல்லவில்லை.